கால்வாரும் காலும்

பாய்மர ஓட்டத்தைப்பற்றி நம் கல்லூரியிற் பேசுவோர், ஓட்டுவோனுடைய கையின் உறுதியையும், கண்ணின் கூர்மையையும், காற்றின் குறிப்பறியும் திறத்தையுமே புகழ்ந்துரைப்பர். அவனுடைய பாதத்தைப்பற்றி ஒரு சொல்லேனும் உரைப்பாரைக் காண்டல் அரிது. ஆயினும், விண்ட்சர்ஃபிங் என வழங்கும் பாய்ப்பலகை ஓட்டத்தை ஆவலொடு தொடங்கிச் சில வாரங்களிலேயே கைவிட்ட இளைஞரை அணுகிக் காரணம் வினவின், கடலுக்கு அஞ்சினேன் என்பார் மிகச் சிலர். கால் வலி பொறுக்கமுடியவில்லை என்று மெல்லக் கூறித் தலைகுனிவாரும் உளர். அத் தலைகுனிவு வேண்டுவதன்று என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது. அவ்வலி அவர்தம் குற்றமன்று. அவ் விளையாட்டின் இயல்பும் அன்று. பெரும்பாலும் அஃது ஒரு திருகாணியின் குற்றமே.

இவ் விளையாட்டினை அறியாதார்பொருட்டுச் சில சொல்லுதல் வேண்டும். ஆள் நிற்கத்தக்க ஒரு பலகை. அதன் நடுவில் எப்பக்கமும் சாய்ந்து திரும்பும் மூட்டொன்றின்மேல் நிறுத்திய பாய்மரம். பாயின் இருபுறமும் வளைந்து நிற்கும் ஒரு பிடிகழி. சுக்கான் இல்லை. பாயை முன்னும் பின்னும் சாய்த்தே பலகையைத் திருப்புதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் நியூமன் டார்பி என்பார் 1965ஆம் ஆண்டில் இத்தகைய பலகையொன்றைப் பத்திரிகை வாயிலாக வெளிப்படுத்தினார். ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் என்னும் இருவர் 1968இல் அதனைத் திருத்தமுற அமைத்து உரிமைப்பட்டயம் வேண்டினர். முதற்காலத்துப் பலகைகளிற் கால்வார் என்பது கிடையாது. ஓட்டுவோன் வெறும் பலகையின்மேல் வேண்டியவாறு காலை எடுத்துவைத்து நின்றான். பெருங்காற்றில் அலையின்மேல் தாவும்போது பலகை ஒருபுறமும் ஆள் ஒருபுறமுமாகப் பிரிதலைக் கண்ட ஹவாய்த் தீவினர், 1977ஆம் ஆண்டையொட்டிப் பலகையின்மேல் வார்களைப் பொருத்தினர். அன்றுமுதல் இவ் விளையாட்டின் விரைவும் வேறாயிற்று; வலியும் வேறாயிற்று. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இஃது இடம்பெற்றது. 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கிலோ, நீருக்கடியிற் சிறகு தாங்கிப் பலகையே நீரைவிட்டு எழுந்தோடும் புதுவகை வந்துவிட்டது. எழுந்தோடினும், ஓட்டுவோன் கால்கள் பழைய வாருக்குள்ளேயே உள்ளன. நம் நாட்டினரான ஈபாத் அலி 2023ஆம் ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் இப் பாய்ப்பலகையில் வெண்கலப் பதக்கம் பெற்றதைப் பத்திரிகை வாயிலாகப் பலரும் அறிவர்.

இது வேற்றூர்க் கதையன்று. இராயபுரத்துக்குத் தெற்கே, துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள்ளே, 1911ஆம் ஆண்டிலேயே தோன்றியது ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அதனைத் தோற்றுவித்தவர் அக்காலத்துச் சென்னைத் துறைமுகப் பொறுப்பாண்மைக் கழகத்தின் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பார். மறு ஆண்டிலே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுத அவ் வலுவலகத்துட் புகுந்த ஓர் இளைஞர், பின்னர் உலகமறிந்த கணித மேதை இராமாநுசன் ஆயினார் என்பதும், அவரை ஆதரித்தவருள் இந்த ஸ்பிரிங் ஒருவர் என்பதும் நம் கணிதப் பகுதி மாணவர் மறவாதிருக்கத் தக்கன. பாய்மர விளையாட்டை வளர்த்த கையே எண் விளையாட்டையும் வளர்த்தது! அது நிற்க. அத் துறைமுக நீரிற் பழகிய சென்னை இளைஞர் இன்று உலகரங்கில் நிற்கின்றனர். கணபதியும் வருண் தாக்கரும் 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் இருவர் படகிலே வெண்கலம் பெற்று, 2021இல் நிகழ்ந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டனர். நேத்ரா குமணன், பாய்மரப் போட்டிக்காக ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணி.

நேத்ரா ஓட்டும் ஒருவர் படகிலும் வார் உண்டு. முன்னர் லேசர் எனவும் இப்பொழுது ஐ.எல்.சி.ஏ. எனவும் வழங்கும் அச்சிறு படகின் நடுவே நீளவாட்டில் ஒரு பட்டை வார் கட்டப்பட்டிருக்கும். காற்று வலுத்துப் படகு சாயுங்கால், ஓட்டுவோர் அவ் வாரின்கீழ்ப் புறங்காலைக் கொடுத்து, முழு உடலையும் படகுக்கு வெளியே நீரின்மேல் மல்லாத்தி, தம் எடையாற் படகை நிமிர்த்துதல் வேண்டும். உடலின் பாரமெல்லாம் தாங்குவது புறங்காலின் நான்கு விரற்கிடை அகலமே. ஆதலின், பாய்ப்பலகையிற் காலடி வையாத நம் மாணவரும், துறைமுகத்துச் சிறு படகுகளில் விடுமுறைப் பயிற்சிக்குச் செல்வாராயின், இக்கட்டுரைப் பொருளுக்கு உரியவரே.

இனி, வார் செய்யும் தீங்கு யாது? அதனை அறியக் குதிரையின் அங்கவடியை நினைத்தல் நன்று. மேனாட்டார் அங்கவடியைக் கைக்கொள்ளுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே, கி. மு. 2ஆம், 1ஆம் நூற்றாண்டுகளில், நம் நாட்டுக் குதிரைவீரர் பெருவிரலை மட்டும் ஒரு சிறு வளையத்தில் நுழைத்து ஏறியிருந்தனர் என்று பழஞ்சிற்பங்களை ஆராய்ந்தோர் கூறுவர். வெறுங்காலுடையார் கண்ட சூழ்ச்சி அது. விழுங்காலத்து விரல் எளிதிற் கழன்றுவிடும். காலணியிட்ட பாதம் முழுதும் நுழையும் அங்கவடி பின்னர் வந்தது. அதனோடு ஒரு புதுத் துன்பமும் வந்தது. குதிரையினின்று வீழ்ந்த வீரனுடைய கால் அங்கவடியிற் சிக்கிக்கொள்ள, உடல் ஒருபுறம் திரும்பப் பாதம் ஒருபுறம் நிற்க, நடுப்பாதத்து மூட்டுக்கள் பிறழும். பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் லிஸ்ஃபிராங் என்பாருடைய பெயரே அம் மூட்டுக்களுக்கு இன்றும் வழங்குகின்றது. பாய்ப்பலகையில் ஓடுவோன் திடீரென முன்னே தூக்கி எறியப்படும்போது, அவன் கால் வாருக்குள்ளே கணுக்கால்வரை புகுந்திருக்குமாயின், அவனுக்கு நேர்வதும் அக் குதிரைவீரனுக்கு நேர்ந்ததே.

ஆகவே வாரினால் வரும் துன்பம் இருதிறத்தது. தளர்ந்த வார் ஒரே நொடியிற் காலை முறிக்கும். இறுகிய வார் நாள்தோறும் சிறிது சிறிதாகக் காலை நோகடிக்கும். முறிவுக்கு அஞ்சிச் சிலர் வாரை இறுக்குவர். நோவுக்கு அஞ்சிச் சிலர் தளர்த்துவர். இரண்டும் அறியாமை. இடைப்பட்டதோர் அளவு உண்டு. அது காலுக்குக் கால் வேறுபடும்.

இறுகிய வாரின் செயலைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். புறங்காலிற் சதை மிகக் குறைவு. விரல்களை மேலே தூக்கும் தசைநாண்களும், ஒரு மெல்லிய நரம்பும், ஒரு நாடியும் எலும்பின்மேல் தோலுக்கடியிலேயே ஓடுகின்றன. வார் அவற்றை நெடுநேரம் அழுத்துமாயின் முதலிற் தோல் சிவக்கும். பின்னர் நாண்கள் வீங்கி, மறுநாட் காலையிற் படியிறங்குங்கால் சுருக்கென்று வலிக்கும். நரம்பு நசுங்கினால், பெருவிரலுக்கும் அதனையடுத்த விரலுக்கும் இடையிலுள்ள தோலில் மரமரப்புத் தோன்றும். இறுகக் கட்டிய பூட்ஸ் கயிற்றாலும் இவ்வாறே நேர்தலைப் பந்தாட்டக்காரர் அறிவர். மரமரப்பு என்பது உடல் எழுதும் ஓலை. அதனைப் படியாது விடுத்து, பழகினாற் சரியாகும் என்று மேலும் ஓடுவோர் பலர்.

உள்ளங்காலில் வரும் வலிக்குக் காரணம் வேறு. வார் பலகையின்மேல் சப்பையாகக் கிடக்குமாயினும், திருகாணி தளர்ந்து இப்பக்கமும் அப்பக்கமும் முறுகுமாயினும், காலில் அது நிலைத்திராது. நிலையாமையை உணர்ந்த பாதம், தன்னையறியாமலே, விரல்களை மடக்கிப் பலகையைப் பற்ற முயலும். பறவை கிளையைப் பற்றுவதுபோல் அரைமணி நேரம் விரல் மடக்கி நின்றால் உள்ளங்கால் வளைவு பிடித்துக்கொள்ளாது என் செய்யும்? இதற்கு மருந்து தைலமன்று. வாரை நிமிர்த்தி நிறுத்துவதே மருந்து. ஒவ்வொரு முனையிலும் ஒரே திருகாணியால் மட்டும் இறுக்கிய வார் முறுகும். இரு திருகாணியேனும், முறுகாமற் பற்களாற் கடித்துநிற்கும் வில்லையேனும் இட்ட வார் முறுகாது. செலவு மிகச் சிறிது.

வாரின் அமைப்பையும் நோக்குமின். உள்ளே நைலான் பட்டை. அதன்மேல் விறைப்புக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு. மேலே மெத்தென்ற உறை. நடுவில் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வெல்க்ரோ என்னும் பற்றுத்துணி. பலகையில் ஒவ்வொரு வாருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட திருகாணித் துளைகள் இருக்கும். ஆகவே சரிசெய்தற்கு இரண்டு வழிகள் உள்ளன: துளையை மாற்றி அகலத்தைக் கூட்டலாம், பற்றுத்துணியை மாற்றி உயரத்தைக் கூட்டலாம். பெரும்பாலோர் இரண்டாவதை மட்டுமே அறிவர். உறையைத் திறந்து பற்றுத்துணியை இழுப்பதற்குக் கருவி வேண்டுவதில்லை. துளையை மாற்றுதற்குத் திருப்புளி வேண்டும், சிறிது பொறுமையும் வேண்டும்.

இந்த வேற்றுமையே நம்மனோர்க்கு மிக இன்றியமையாதது. வெறுங்காலோடு வளர்ந்த நம் நாட்டாருடைய பாதம், சிறுவயதுமுதற் காலணிக்குள் வளர்ந்த பாதத்தினும் முன்புறம் அகன்றது. விரல்கள் விரிந்து நிற்பன. 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், வெறுங்காலராகிய இந்தியரையும், காலணியணியும் இந்தியரையும், மேனாட்டாரையும் ஒப்பிட்டு நோக்கினோர் இவ்வுண்மையை அளந்தே கூறியுள்ளனர். 1992ஆம் ஆண்டில் மங்களூர் மருத்துவர் இருவர் 2300 சிறுவர்களின் பாதங்களை ஆராய்ந்தபோது, காலணியணிந்து வளர்ந்தோருள் நூற்றுக்கு 8.6 பேருக்கும், வெறுங்காலருள் நூற்றுக்கு 2.8 பேருக்குமே தட்டைப்பாதம் காணப்பட்டது. நம் பாதம் நல்ல பாதம், வலிய பாதம், ஆனால் அகன்ற பாதம். குறுகிய துளைகளில் இறுக்கிய வாருள் இவ் வகன்ற பாதம் புகாது; புகாமை கண்டு பற்றுத்துணியைத் தளர்த்தி உயரத்தைக் கூட்டுவர்; அப்பொழுது சுண்டுவிரற்பக்கம் நசுங்கிக்கொண்டே இருக்க, கால் மட்டும் ஆழமாக உள்ளே வழுக்கும். நோவும் முறிவும் ஒருங்கே வரும் வழி அதுவே. அகலத்தைக் கூட்டி, உயரத்தை அளவோடு நிறுத்துதலே முறை.

அளவு எது என்பீராயின், கடற்கரையிற் பலகையை வைத்து வெறுங்காலை நுழைத்து நோக்குமின். விரல்கள் மறுபக்கத்தில் எட்டிப்பார்த்தல் வேண்டும். வார் புறங்காலின் முற்பகுதியை மெல்லத் தழுவுதல் வேண்டும். குதிகாலைத் தூக்காமற் காலைப் பின்னுக்கு இழுத்தால் தடையின்றிக் கழலுதல் வேண்டும். எவ்வளவு தள்ளினும் கணுக்கால்வரை புகலாகாது. தொடக்கத்தார்க்கு விரல்நுனிகள் மட்டும் தோன்றுமளவு போதும். தேர்ந்தோர் சிறிது கூடக் கொள்ளலாம். ரப்பர்ச் செருப்புறை அணிந்து ஓடுவோர் அதனை அணிந்துகொண்டே அளத்தல் வேண்டும். வெறுங்காலுக்கு அளந்த வாருள் உறையணிந்த காலைத் திணிப்பவன் தனக்குத் தானே விலங்கு பூட்டிக்கொள்கின்றான். வாரை நனைத்து அளப்பது இன்னும் நன்று. நனைந்தால் உறை நெகிழும்.

ஒரு நுட்பமும் உண்டு. காற்று வலப்பக்கமிருந்து வீசுங்கால் ஓட்டுவோன் வலவிளிம்பில் நின்று, முன்வாரில் வலக்காலையும் பின்வாரில் இடக்காலையும் இடுவான். இடப்பக்கமிருந்து வீசின் அனைத்தும் மாறும். பின்வார் ஒன்றே உடைய பலகையில் அவ்வொரு வாரே இருகாலையும் மாறிமாறி ஏற்கும். பெரும்பாலார்க்கு இரு பாதமும் ஓரளவின அல்ல. சட்டை தைக்கும் தையற்காரன் இரு தோளையும் தனித்தனியே அளக்கின்றானன்றோ? வார்களையும் அவ்வாறே தனித்தனி அளத்தல் வேண்டும். ஒன்றை அளந்து நான்கையும் அவ்வண்ணமே இறுக்குதல் சோம்பலே.

வார் பொருத்தப்பட்ட இடமும் நோவுக்குக் காரணமாகும். போட்டியிடுவோர் விரைவுகருதி வார்களைப் பலகையின் வெளிவிளிம்பிலும் பின்புறத்திலும் வைப்பர். அங்கே நிற்பவனுடைய குதிகால் விளிம்பின்மேல் தொங்கும். பலகை முழுவிரைவில் ஓடினாலன்றி அவன் அங்கே நிற்கவே இயலாது. தொடக்கத்தான் அவ் வாரை எட்டுதற்குக் காலை நீட்டி, கணுக்காலைத் திருகி, விரலால் இழுத்துப் பிடிப்பான். அவனுக்கு உள்ளும் முன்னுமான துளைகளே உரியன. இன்னும், உடலின் பாரத்தைத் தாங்கவேண்டுவது இடுப்புக்கச்சையின் கொக்கி, கால்வார் அன்று. பலகை விரைவுபெற்றபின் முதலிற் கொக்கியை மாட்டி, பாரத்தைக் கச்சைக்குக் கொடுத்து, பின்னர் முன்காலையும், அதன்பின் பின்காலையும் நுழைத்தல் முறை. நிறுத்தவும் திருப்பவும் கருதுங்கால், விரைவு குறையுமுன்பே காலைக் கழற்றிவிடல் வேண்டும். வாருக்குள் நின்றபோது குதிகாலாற் பலகையை மிதித்தலே தொழில். வாரைப் புறங்காலால் இழுத்துத் தொங்குதல் தொழிலன்று. இதனை முதல்நாளே கற்பிக்கும் ஆசிரியர் மாணவனுக்குப் பல நாள் வலியை மிச்சப்படுத்துகின்றார்.

சிறு படகின் வாருக்கும் இதுவே பொருந்தும். அங்கே வார் நெடும்பட்டையாதலின், அகன்றதும் மெத்தென்ற உறையுடையதும் ஆன வாரே புறங்காலில் பாரத்தைப் பரப்பும். கயிறுபோற் சுருண்ட பழைய வார் வெட்டும். வாரின் தளர்ச்சி, தொடை படகின் விளிம்பிற் பதியுமாறு அவரவர் கால்நீளத்துக்கு ஏற்ப அமைதல் வேண்டும். பலருக்குப் பொதுவான படகில் இவ்வளவு மாறிக்கொண்டேயிருக்கும். முன்பு ஓட்டியவனுடைய அளவோடு பின்பு ஓட்டுபவன் வருந்துவது வழக்கமாய்விட்டது.

கால்விரலாற் துணியைப் பற்றித் தூக்குதல், நுனிக்காலில் எழுதல், மணலில் நடத்தல் முதலிய பயிற்சிகளும் பயன்தருவன. அவற்றை நம் உடற்பயிற்சி ஆசிரியர் அறிவாராதலின் விரித்திலேன்.

இத்துணையும் கேட்டு நகைப்பார் உளர். காசிமேட்டு மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரத்தின்மேல் வெறுங்காலோடு நின்று, வாடைக்கும் கொண்டலுக்கும் வளையாது கடலைக் கடந்தனரே. அவர்க்கு யார் வார் அளந்தனர் என்பர். கேட்கத் தக்க கேள்வியே. கண்ணாடியிழைப் படகுகளும் எஞ்சின்களும் வந்தபின் கட்டுமரம் அருகிவிட்டதாயினும், அதன்மேல் நின்ற கால்களின் திறத்தை எவரும் மறுக்கார். ஆனால் அக் கால்கள் எதனாலும் கட்டுண்டன அல்ல என்பதை நோக்குமின். கட்டப்பட்டவை மரங்கள், மனிதன் அல்லன். அலை தூக்கியபோது அவன் முழங்காலிட்டான், சாய்ந்தபோது காலை மாற்றினான், கவிழ்ந்தபோது குதித்தான். அவன் பாதம் ஓரிடத்து நோவுமுன் வேறிடத்துக்கு மாறியது. வாருள் நிற்கும் பாதத்துக்கு அவ்வுரிமை இல்லை. உரிமையற்ற உறுப்புக்கு வேறொருவன் காவல் செய்தல் வேண்டும். மீனவர் கால் நமக்குக் கற்பிப்பது வலிபொறுத்தலை அன்று. கால் அசைய இடம்வேண்டும் என்பதையே. வலியைப் பொறுப்பதே வீரம் என்று இளைஞரிடம் கூறுவோர், அவ்வீரத்தை வேண்டாத இடத்திற் செலவிடச் செய்கின்றனர். கடலில் அதற்கு வேண்டிய இடங்கள் பல உள.

மற்றொரு செய்தியைச் சிறிது வன்மையாகவே கூறவேண்டியுள்ளது. பலகையினின்று எறியப்பட்டுக் கால் வாரிற் திருகிக்கொண்டவன் கரைக்கு வந்தால், வீட்டார் முதலிற் கூறுவது சுளுக்கு என்பதே. அடுத்துத் தேடுவது எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பாரை. கணுக்கால் சுளுக்கிற்கே அவ்வழித்தல் நன்றன்று. நடுப்பாதத்து மூட்டுப் பிறழ்ந்திருப்பின் அது பெருந்தீங்காய் முடியும். நடுப்பாதம் வீங்கி, ஊன்றி நிற்க இயலாமல், ஓரிரு நாளில் உள்ளங்காலிற் கருநீலம் தோன்றுமாயின், அதனைச் சுளுக்கென்று கொள்ளற்க. அக்காலை ஊன்றாது, உயர்த்தி வைத்து, துணிசுற்றிய பனிக்கட்டியிட்டு, உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் இப்பிறழ்வு தோன்றாது மறைதலும் உண்டு. ஆதலின் இயலுமளவு ஊன்றி நின்ற நிலையிலும் எடுக்கச் செய்வர். கவனியாது விட்ட நடுப்பாதம் தட்டையாகி, மூட்டுத் தேய்ந்து, நாற்பது வயதிற் படியேற முடியாமற் செய்யும். நம் பகுதியின் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ஆலைகளிலும் துறைமுகத்திலும் கையிழந்த தொழிலாளர்க்காகக் கையறுவை மருத்துவத்தில் நாடறிந்த பெயர் பெற்றது. கைக்கு அத்துணைச் சிறப்பு வாய்த்த வடசென்னையில், காலைச் சுளுக்கென்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தோடு விட்டுவிடுதல் பொருந்துமோ?

நீரிழிவுடைய பழைய மாணவர் சிலரும் இவ் விளையாட்டில் விருப்பங்கொண்டு வினவுவதுண்டு. பாத உணர்ச்சி குறைந்தவர்க்கு வார் அழுத்துவது தெரியாது, தெரியாமலே புண்ணாகும். அவர் மருத்துவர் இசைவின்றிக் காலை வாருட் கொடுத்தல் கூடாது.

வாருக்குக் காலைக் கொடுக்குமுன்பே கால் புண்படும் ஊர் நம் ஊர். அதனையும் கூறாமல் விடுதல் முறையன்று. துறைமுகச் சுவர்கள் கடலுட் சென்றபின், தெற்கிலிருந்து வரும் மணல் சுவருக்குத் தெற்கே தங்கி மெரினாவைப் பரப்பிற்று. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர்வரை கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினர். இன்று திருவொற்றியூர் இளைஞன் கடலைக் காண்கின்றான். கடலை அடையக் கல்லின்மேல் தாவுதல் வேண்டும். பலகையைத் தலைமேற் சுமந்து பாசிபடிந்த கல்லில் வெறுங்காலோடு இறங்குவது பேதைமை. எண்ணூர்க் கழிமுகத்திலோ நீர் அமைதி. அடியில் ஆளி ஓடுகள் கத்திபோல் நிற்கும். அந் நீரின் தூய்மையும் நாமறிந்ததே. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயைக் கரையிலே வாளிகொண்டு அள்ளியதைக் கண்டோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல்மழையின் பின்னர்க் கழி முழுதும் எண்ணெய் படிந்து மீனவர் படகும் வலையும் கறுத்ததையும் கண்டோம். வாரினால் உரிந்த தோலோடு அத்தகைய நீரிலிறங்குவது அறிவுடைமையன்று. நீரில் ஊறிய தோல் எளிதில் உரியும். வாரின் உறையுள் ஒட்டிய மணலும் உப்பும் அரம்போல் அராவும். ஓட்டம் முடிந்தவுடன் காலையும் வாரையும் நன்னீராற் கழுவுதல் வேண்டும். மணல் புகுந்த பற்றுத்துணி பிடிவிட்டுக் கடல் நடுவிலே தளரும் என்பதனாலும் இது வேண்டப்படும். மெல்லிய அடியுடைய ரப்பர்ச் செருப்புறை நம் கடலுக்குக் குளிர்கருதி வேண்டாவெனினும், கல்லும் ஓடும் கருதி வேண்டும். வாரை மட்டும் அதற்கேற்ப அகலப்படுத்துக.

கரையில்லாத ஊரில் இளைஞர்க்கு எஞ்சியிருப்பது துறைமுகச் சுவருக்குள் அடங்கிய சிறு நீர்ப்பரப்பே. அங்கே இடம்பெறுவோர் சிலர். அச்சிலருள்ளும் ஒருவன் கால்வலியால் விலகுவானாயின், அவனிடத்துக்குக் காத்திருந்த காசிமேட்டுப் பையன் வந்துவிடுவான் என்று எண்ணற்க. பெரும்பாலும் அவ்விடம் வெறுமையாகவே கிடக்கும். வாடகைப் பலகையும் பொதுப் படகும் கொண்டு பழகுவோரே இவ்வாறு விலகுகின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். சொந்தப் பலகையுடையவன் தன் காலுக்கு ஏற்ப ஒருமுறை துளையை அமைத்துக்கொள்கின்றான். பொதுப் பலகையில் ஏறுபவன் எவனோ ஒருவனுடைய காலுக்கு அமைந்த வாரில் தன் காலை மாட்டுகின்றான். பிறர் செருப்பை அணிந்து ஓடிப் பந்தயத்தில் தோற்றவனை நாம் இகழ்வதில்லை. இவனை மட்டும் மெலியன் என்கின்றோம்.

ஆதலின் நம் கல்லூரி விளையாட்டுக் கழகம், மாணவரைப் பாய்மரப் பயிற்சிக்கு அனுப்புங்கால், நீந்தத் தெரியுமா என்று வினவுவதோடு நில்லாது, பயிற்சியிடத்தில் ஒவ்வொருவர் காலுக்கும் வார் அளக்கப்படுமா என்றும் வினவுதல் வேண்டும் என்பது என் கருத்து. படகுக் கொட்டகையின் வாயிலில் ஒரு திருப்புளி கயிற்றிற் கட்டித் தொங்குக. மாற்றுத் திருகாணிகள் ஒரு தகரப்பெட்டியில் இருக்க. ஒவ்வொரு பலகையின்மேலும் துளைகளுக்கு அருகே வண்ணத்தால் எண் இட்டு, ஒவ்வொரு மாணவன் பெயர்க்கெதிரே அவனுக்குரிய துளையெண்ணைக் குறிப்பேட்டில் எழுதுக. முதலாண்டு மாணவன் ஏறும் நாளில், மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் முழங்காலிட்டு அவன் காலை வாரில் இட்டுப் பார்த்து, விரல்கள் தோன்றுகின்றனவா என்று நோக்கியபின்னரே பலகையை நீரிற் தள்ளுக. இதற்குக் காசு வேண்டுவதில்லை. கால்மணி நேரம் வேண்டும்.